திப்பி மேல் போட்ட தளம்

என் அன்பு அத்தைக்கு,

நீங்கள் கண்ணை மூடிய பிறகு பாகம் பிரித்தார்கள். உங்கள் பெரிய மகனுக்கு ஊருக்குள் இருக்கும் வீடு. உங்கள் சின்ன மகனுக்கு, சேந்தமங்கலம் ரோட்டில் பூட்டிக் கிடந்த நம் சேகோ ஆலை, அந்த ஜவ்வரிசி ஆலை. நீங்கள் சொல்லிவிட்டுப் போனபடிதானாம். என்னை நினைத்துச் சொன்னீர்களா, மறந்து சொன்னீர்களா? எனக்கு இன்னும் கோபம்தான்.

இருந்தாலும் ஆலையை வீடாக்கினோம். மரவள்ளிக் கிழங்கு அரைத்த கொட்டகை சமையலறை ஆயிற்று. மாவுப்பால் தெளியவிடும் தொட்டிகளை நிரப்பி, மேலே சிமெண்ட் தளம் போட்டுப் படுக்கையறை ஆக்கினோம். மண்ணடித்து நிரப்பச் சொன்னேன்.

"கெழங்குத் திப்பி மலையாட்டம் காஞ்சு கெடக்குது. மண்ணுக்கு எதுக்குப் புள்ள வண்டி புடிக்கறது?" என்றார் உங்கள் மகன். அரைத்த சக்கையைக்கூட வீணாக்காத உங்கள் வளர்ப்பு!

ஐப்பசியில் புயல் என்று டிரான்சிஸ்டரில் சொன்னார்கள். மழை விடவே இல்லை. தொட்டிக்குள் எப்படியோ தண்ணீர் இறங்கியிருக்கிறது. ஒரு நாள் காலையில் மல்லிகாவை எழுப்பப் போனால் கதவு அசையவில்லை. உள்பக்கம் திறக்கும் கதவு. ஊறி உப்பிய திப்பி தளத்தையே தூக்கிக் கதவை அடைத்துவிட்டது. இடுக்கில் புளித்த வாடை குப்பென்று அடித்தது. அந்த அறைக்கு இன்னும் ஜன்னல் வைக்கவில்லை, அத்தை.

"அம்மா, தலை சுத்துதும்மா."

"கட்டில் மேல ஏறி நில்லு சாமி! கீழ எறங்காத!"

தொட்டி வாடை விஷக்காற்று, தரையோடு படுக்கும் என்பது ஆலைக்காரர் வீட்டில் யாருக்குத் தெரியாது? உங்கள் மகன் கடப்பாரையால் கதவை இடித்தார். அது அசையவில்லை. மகள் குரல் நின்றுவிட்டது. நான் சேலையை வரிந்து கட்டி, ஏணியில் ஏறி, கூரை ஓடுகளைப் பிரித்துக் கட்டில்மேல் குதித்தேன். கண் சொருகிக் கிடந்தாள். தூக்கி நீட்டினேன். மேலிருந்து அவர் வாங்கிக்கொண்டார். வெளிக்காற்று பட்டும் கொஞ்ச நேரம் அசைவில்லை. பிறகு இருமி அழுதாள். நானும் அழுதேன்.

மத்தியானம் உங்கள் பெரிய மகன் வந்தார். "அம்மிணி, எல்லாரும் நம்மூட்டுக்கே வந்துருங்க."

"இல்லீங்க மாமா. இவளை மட்டும் கூட்டிக்கிட்டுப் போங்க."

பாகம் பிரிந்தபின் அங்கே போனால் நாங்கள் விருந்தாளிகள்தானே? அன்றிலிருந்து உங்கள் மகன் தளத்தை உடைத்துத் திப்பியை அள்ளிக்கொண்டே இருக்கிறார். நான் ஒரு வார்த்தைகூடத் திட்டவில்லை. திட்டினால் தாங்கமாட்டார்.

மண்ணடித்து, ஜன்னல் வைத்து, புதுத் தளம் போடுவோம். முதல் ராத்திரி அந்த அறையில் கதவைச் சாத்திக்கொண்டு நான் மட்டும் படுப்பேன். விடிந்து நான் எழுந்து வந்தால்தான் உங்கள் பேத்தி அங்கே கால் வைப்பாள். இது உங்களுக்கு நான் கொடுக்கும் வாக்கு.

உங்கள் சின்ன மருமகள்,
மல்லிகாவின் அம்மா