தோள் மாற்றும் இடம்

பாறசாலை,
புதன்கிழமை

அன்பு மகன் அனூப்புக்கு,

அம்மா அம்மிணி சொல்ல உன் தங்கை நீது எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் நானும் நீதுவும் ஆடும் இங்கே சுகம், நீ அங்கே சுகமாகத்தான் இருக்கிறாய் என்பதை அந்த ஊர்ப் பத்திரிகைக்கு நீ கொடுத்த பேட்டியைப் பார்த்துத் தெரிந்துகொண்டோம், எங்களிடம் சொல்ல நேரமில்லாவிட்டாலும் பத்திரிகைக்காரரிடமாவது சொன்னாயே என்று சந்தோஷப்பட்டேன். ரப்பர் வெட்டி வெட்டி என் விரல்கள் பேனாவைப் பிடிப்பதில்லை, அதனால்தான் எழுத்து இவ்வளவு அழகாக இருக்கிறது. போனில் பேசலாமே என்று கேட்பாய், பேசினால் கிளாஸ் இருக்கிறது பிறகு கூப்பிடுகிறேன் என்று வைத்துவிடுகிறாய், காகிதத்தை அப்படி வைக்க முடியாது, அதுவும் நேந்திரங்காய் சிப்ஸோடு வருகிற காகிதத்தை.

அப்பாவின் சாக்ஸபோனைப் பஞ்சு சுற்றி இந்தப் பார்சலில் அனுப்பச் சொல்லியிருந்தாய். நீ பாடம் எடுக்கிற ரோட்டர்டாம் கல்லூரியின் முன்கூடத்தில் அதைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து, மேலே விளக்குப் போட்டு, கீழே உன் பெயரை எழுதப் போகிறார்களாம். அப்பா ஊதியதற்கு உன் பெயரா என்று நான் கேட்கவில்லை, நீதுதான் முணுமுணுத்தாள். அந்த விஷயத்துக்குக் கடைசியில் வருகிறேன், முதலில் பேட்டியை முடித்துவிடுகிறேன்.

நீது போனில் அதைத் தமிழுக்கு மாற்றி வாசித்துக் காட்டினாள். நீ காயலோரத்தில் பிறந்தாயாம், உன் அப்பா சாயங்காலம் தோணியில் உட்கார்ந்து தண்ணீரைப் பார்த்துச் சாக்ஸபோன் வாசிப்பாராம். மக்கா, நம் வீட்டிலிருந்து காயலைப் பார்க்க இரண்டு பஸ் மாற வேண்டும். உன் அப்பா ராஜையன் கரண்டு ஆபீசில் மீட்டர் ரீடிங் எடுத்தவர், தோணியில் ஏறினால் வாந்தி எடுப்பார், ஊதியதெல்லாம் சபை பேண்டு செட்டில், கல்யாணத்துக்கும் அடக்கத்துக்கும். மௌனத்தையும் இசையாக வாசிக்க அப்பா உனக்குக் கற்றுக்கொடுத்தாராம், அதைக் கேட்டு நான் அடுப்படியில் உட்கார்ந்துவிட்டேன். நீ இன்ஜினியரிங்கைப் பாதியில் விட்டுவிட்டு பெங்களூருக்கு ஊதப் போனபோது ஒரு வருஷம் அவர் உன்னோடு பேசவில்லையே, அந்த மௌனத்தைச் சொல்கிறாயா? அதற்கு அந்த ஊரில் கைதட்டுகிறார்கள் என்றால் தட்டட்டும், எனக்கு அன்றைக்கு யாரும் தட்டவில்லை, உங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் சோற்றுத் தட்டைத் தூக்கிக்கொண்டு நடந்தது நான்.

அதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன், அப்பாவின் அடக்கத்தைப் பற்றி நீ சொன்னதைத்தான் பொறுக்க முடியவில்லை. என் இசையில் மயங்கிப்போன ஊர்க்காரர்கள் தோள் மாற்றுவதையே மறந்துவிட்டார்கள் என்று சொல்லியிருக்கிறாய். சொந்தத் தங்கையே அதை வாசித்துவிட்டு போனை ஆட்டின் மேல் எறிந்தாள். நம் சபையில் சவப்பெட்டி கல்லறைக்குப் போகும்போது சாக்ஸபோன்தான் பாட்டை இழுத்துக்கொண்டு போகும், ஒவ்வொரு சரணத்திலும் கடைசி வரியை நீட்டும், அந்த நீட்டலில்தான் சுமக்கிறவர்கள் இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்குப் பெட்டியை மாற்றுவார்கள். இது உனக்குத் தெரியாததா, பள்ளிக்கூடம் படிக்கும்போதே அப்பாவுக்குப் பின்னால் தாளம் தட்டிப் போனவன்தானே. ஆனால் அன்றைக்கு விமானத்திலிருந்து இறங்கி வந்து அப்பாவின் சாக்ஸபோனை வாங்கி, முதல் சரணத்தில் பாதி வரைக்கும் ஒழுங்காக வாசித்தாய், அதற்குப் பிறகு எங்கே போனாய் என்று இன்று வரை ஊரில் யாருக்கும் தெரியாது. நாங்கள் பின்னால் நடந்துகொண்டே இதோ முடிக்கப் போகிறான், இதோ முடிக்கப் போகிறான் என்று பார்க்கிறோம், நீ கண்ணை மூடிக்கொண்டு புதிதாக ஒன்றைத் தொடங்குகிறாய். பக்கத்து வீட்டு சுடலைக்கண்ணு பெட்டியின் முன்வலது மூலையைச் சுமந்திருந்தவன், கழுத்தைத் திருப்பி, ‘வேய் ஞானையா, இந்தப் பாட்டுக்கு வாலு உண்டா இல்லியா, தோளு போச்சுவேய்’ என்று கேட்டான். பேண்டு மாஸ்டர் ஞானையன் கிளாரினெட்டை வாயிலிருந்து எடுத்து, ‘எனக்கு என்னவேய் தெரியும், அவன் எங்க நிக்கான்னு அவனுக்கே தெரியுமோ என்னமோ, பேசாம நடவும்’ என்றார். ஜங்ஷன் தாண்டி மேடு ஏறியும் நீ முடிக்கவில்லை. கடைசியில் களியக்காவிளை பஸ் பின்னால் வந்து நீளமாக ஒரு ஹார்ன் அடித்தது, சரணம் முடிந்தது என்று நினைத்து எல்லாரும் அந்த ஹார்னுக்குத் தோள் மாற்றினார்கள். உன் அப்பாவைக் கல்லறைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது பஸ் டிரைவர், நீ அல்ல. சுடலைக்கண்ணு தேங்காய் பறிக்க ஏற முடியாமல் எவ்வளவு நாள் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தான் தெரியுமா, அந்தத் தோளுக்கும் உன் பேட்டியில் ஒரு வரி கொடுத்திருக்கலாம்.

அதற்குப் பிறகு நீ ‘தோள்’ என்று பெயர் வைத்து ஒரு ஜாஸ் இசையை உண்டாக்கி அதற்குப் பரிசும் வாங்கினாய். நீ அனுப்பியதை நாங்கள் முழுவதும் கேட்டோம், பொய் சொல்லவில்லை. இன்னும் சுருதிதான் சேர்க்கிறானா என்று நான் கேட்டபோது நீது பாதி முடிந்துவிட்டது என்றாள். அந்த பஸ் ஹார்னையும் நடுவில் ட்ரம்பெட்டில் வைத்திருக்கிறாய், அந்த இடம் மட்டும் எனக்குப் புரிந்தது, அந்த இடத்தில் மட்டும் அழுதேன், மற்ற இடங்களில் கடலை உரித்தேன். பரிசு வாங்கிய படத்தில் மெலிந்து தெரிகிறாய். காலையில் ஏதாவது சாப்பிட்டுவிட்டு ஊது, வெறும் வயிற்றில் ஊதித்தான் அப்பாவுக்கு அல்சர் வந்தது. அந்தக் கறுப்புத் தொப்பியையும் கழற்று, மழையில் நனைந்த காக்கா மாதிரி இருக்கிறது.

இனி நீது விஷயம். இவள் ப்ளஸ் ஒன்னில் சேர்ந்த புதிதில் எழுந்து நின்று வாசிக்கச் சொன்னதும் வாய் வராமல் நின்றாள், பிள்ளைகள் சிரித்தார்கள், அத்தோடு புத்தகப்பையை ஆணியில் மாட்டியது உனக்குத் தெரியும். இப்போது தையல் கடைக்குப் போகிறாள், அங்கேயும் அளவெடுக்க வருகிறவர்களிடம் கையைத் தூக்கு என்று சொல்லாமல் தன் கையைத் தூக்கிக் காட்டுகிறாள். எனக்கும் சொல்லித் தா அண்ணா என்று உன்னிடம் ஒரே ஒரு முறை வாய் திறந்து கேட்டாள். ஒரு வருஷம் வெறுமனே கேள், பிறகு பார்ப்போம் என்றாய். எந்தெந்த நாட்டுப் பிள்ளைகளுக்கோ கம்ப்யூட்டரில் முகம் பார்த்துச் சொல்லிக்கொடுக்கிறவனுக்குத் தங்கை என்றால் ஒரு வருஷம் காது மட்டும் போதுமா? இவள் காத்திருக்கவில்லை. ரப்பர் ஷீட் அடிக்கிற கொட்டகைக்குள் சத்தம் வெளியே கேட்காமலிருக்க சாக்ஸபோனின் அகன்ற வாயில் அப்பாவின் பழைய துண்டைத் திணித்துக்கொண்டு ஊதினாள். கொட்டகையில் நாய் புகுந்து ஊளையிடுகிறது என்று நான் கம்பெடுத்துப் போனதும் உண்டு.

இந்த இடத்தில் நீது பேனாவை மூடிவிட்டாள். எழுதாவிட்டால் நானே கோணல்மாணலாக எழுதுவேன், அண்ணன் அதையும் ஜாஸ் என்று நினைத்துக்கொள்வான் என்றேன், திறந்துவிட்டாள். போன வாரம் பலசரக்குக் கடைத் தங்கையன் இறந்துபோனார். ஞானையனுக்கு முன்பல் செட் உடைந்து கிளாரினெட் பிடிக்க முடியாத நேரம், பாட்டை இழுக்க ஆளில்லை. காரக்கோணத்திலிருந்து ஒரு பையன் வருகிறான், அவன் கையில் கருவி இல்லை, ராஜையன் அண்ணனுடைய சாக்ஸபோனைத் தா அம்மிணி என்று ஞானையன் வந்து நின்றார். நான் உள்ளே போய் எடுக்கப் பார்த்தால் இவள் சாக்ஸபோன் பெட்டியை மார்போடு கட்டிக்கொண்டு நிற்கிறாள். ‘என்னடி பிள்ளே, அதை இஞ்ச தா’ என்கிறார் ஞானையன், இவள் தரவுமில்லை பேசவுமில்லை, செருப்பைப் போட்டுக்கொண்டு அவருக்கு முன்னால் நடந்துவிட்டாள். ‘அம்மிணி, இவ என்னத்துக்குப் போறா’ என்று கேட்டவரோடு நானும் இவள் பின்னால் ஓடினேன்.

பெண்பிள்ளை அடக்கத்துக்கு ஊதுவதா என்று இரண்டொருவர் பேச்செடுத்தார்கள், தங்கையனின் பெட்டியைத் தூக்கியாகிவிட்டதால் சண்டை போட நேரமில்லை. நீது தலை நிமிராமல் ஊதினாள். ஒரு இடத்தில் சுரம் கிறீச்சிட்டது, அதையும் எழுது என்கிறேன், எழுதுகிறாள். ஆனால் முதல் சரணத்தின் கடைசி வரியைச் சரியாக நீட்டினாள், சுமந்தவர்கள் திரும்பிப் பார்க்காமல் தோள் மாற்றினார்கள். அடுத்த சரணத்திலும் மாற்றினார்கள். கல்லறையில் பெட்டியை இறக்கி வைத்துவிட்டு சுடலைக்கண்ணு என்னிடம் வந்து, ‘அக்கா, இன்னைக்கு தைலம் வேண்டாம் கேட்டியா’ என்றான். உன் பரிசைவிட அது பெரிது என்று சொல்லவில்லை, ஆனால் எனக்கு இந்தப் பரிசுதான் புரிகிறது.

ஆகையால் மகனே, சாக்ஸபோன் இந்தப் பார்சலில் இல்லை, இனி எந்தப் பார்சலிலும் வராது. கண்ணாடிப் பெட்டியைச் செய்துவிட்டார்கள் என்றால் உன் தொப்பியை அதற்குள் வை, விளக்குக்குக் கீழே நன்றாக இருக்கும். ஊதுகிற முனையில் மாட்டுகிற ரீடு இங்கே கிடைப்பது சீக்கிரம் பிளந்துபோகிறது, நல்லதாக ஒரு பெட்டி வாங்கி உடனே அனுப்பு, மறக்காதே. டிசம்பரில் வருவதாக இருந்தால் பேட்டி கொடுக்காமல் வா. நீ எவ்வளவு தூரம் சுற்றினாலும் வீட்டுக்குத் திரும்புகிற வழியைக் கர்த்தர் உனக்குக் காட்டட்டும், உன் நெஞ்சுக்கும் மூச்சுக்கும் ஒரு குறையும் வராமல் காக்கட்டும்.

உன்னைத் திட்டினாலும் உன் படத்தை அலமாரிக்குள் வைத்திருக்கிற,
அம்மா அம்மிணி

அண்ணா, இது நான். அம்மா சொன்னதில் ஒன்றையும் குறைக்கவில்லை, தொப்பியைப் பற்றி மட்டும் இன்னும் சொன்னாள், விட்டுவிட்டேன். ரீடு இரண்டரை நம்பர். அன்றைக்கு அப்பாவின் பெட்டியோடு நடக்கும்போது மேட்டில் நீ ஒன்று வாசித்தாய், ஏறி ஏறிப் போய்ச் சட்டென்று கீழே விழுகிற மாதிரி. அதைக் கொட்டகையில் வாசித்துப் பார்க்கிறேன், வருகிறது. ஆனால் அதை எங்கே முடிப்பது என்று எனக்குத் தெரியவில்லை. உனக்குத் தெரிந்தால் எழுது.

நீது