சுவரிலிருந்து உரித்த தாள்

கோயமுத்தூர்க்காரரே,

மைதாப் பசையில் மயில்துத்தம் கலந்தால் ஒரு நெடி வருமே, புளித்த மாவும் செம்புக் காசும் சேர்ந்த மாதிரி, அது இன்று நம் நூலகத்து உள்ளறையில் அடித்தது. பூச்சி வராமலிருக்க ஒரு சிட்டிகை போதும் என்று பைண்டிங்காரர் சொல்லியும் கேட்காமல் நீங்கள் அள்ளிப் போட்ட துத்தம். தாள்களின் ஓரமெல்லாம் இன்னும் பச்சை பூத்துக் கிடக்கிறது. பெட்டியைத் திறந்த பெண் மூக்கைப் பொத்திக்கொண்டாள். நான் பொத்தவில்லை. உங்களோடு பாக்கி இருக்கிற சண்டையெல்லாம் ஒன்றாக ஞாபகம் வந்தது.

ஸ்கேன் எடுக்க வந்திருக்கிறார்கள். கிளை நூலகங்களில் அரிதாகக் கிடப்பதையெல்லாம் படம் பிடித்துக் கணினியில் ஏற்றுகிறார்களாம். ‘சிலோன் சுவர்கள்’ என்று உங்கள் கையால் எழுதி ஒட்டிய அந்தத் தேயிலைப் பெட்டிக்கு இப்போது ‘சிறப்புத் தொகுப்பு’ என்று பெயர். நீங்கள் இருந்தபோது அதற்குக் குப்பை என்று பெயர். ஆய்வுக்கு வந்த ஒவ்வோர் அதிகாரியும் அப்படித்தான் சொன்னார். நீங்கள் போய்ச் சேர்ந்த பிறகு மரியாதை வந்திருக்கிறது. எனக்கு இதில் சந்தோஷம் ஒன்றும் இல்லை. அலுப்புதான். என்னை ஏன் கூப்பிட்டார்கள் என்றால், எல்லார் வீட்டுச் சுவர்த் தாளும் அவர்கள் எந்திரத்துக்கு ஒத்துவந்தது, என் வீட்டுச் சுவர்த் தாள் ஒத்துவரவில்லை.

நீங்கள் முதன்முதலில் எங்கள் லயத்துக்கு வந்த நாளை நினைத்துக்கொண்டேன். இந்தியா, சிலோன் இரண்டு அரசுகளும் கையெழுத்துப் போட்டு எங்களைப் பங்கு பிரித்து, கப்பலேற்றி, முகாமில் வைத்து, கடைசியில் பந்தலூர்ப் பக்கம் அரசுத் தேயிலைத் தோட்டத்தில் கொண்டுவந்து விட்டிருந்த காலம். வரிசையாக ஒட்டிக் கட்டிய வீடுகள், மேலே தகரம், பக்கத்தில் பலகை, பலகைக்குப் பலகை விரல் நுழையும் இடைவெளி. ஆடிக்காற்று அதில் சீட்டியடிக்கும். சட்டி பானைகளைச் சுற்றிக் கொண்டுவந்த சிலோன் பத்திரிகைகளைத்தான் பசை காய்ச்சிச் சுவரெல்லாம் ஒட்டினோம். அங்கே லயத்துக் காம்பராவிலும் அப்படித்தான் ஒட்டுவோம். குளிருக்கு எங்களுக்குத் தெரிந்த வைத்தியம் அது ஒன்றுதான்.

உறுப்பினர் சேர்க்கிறேன் என்று குடையோடு வந்த நீங்கள், சேர்க்க வந்ததை மறந்து சுவரைப் பார்த்தபடி நின்றுவிட்டீர்கள்.

“ஏனுங்க, இந்தச் செவுத்தப் படிச்சுட்டுப் போலாமுங்களா?”

அடுப்படியிலிருந்து என் வீட்டுக்காரி பாக்கியம் எட்டிப் பார்த்தாள். “படிக்கிறதுக்கு எங்கூட்டுச் செவுருதான் கெடச்சிச்சா? ஒரு ரூம் நெறைய பொஸ்தகம் வச்சிருக்கீங்களாமே சார்.”

“அது எல்லா ஊர்லயும் இருக்குதுங்க. இது இங்க மட்டுந்தானுங்க இருக்குது.”

அவள் எழுத்து அறியாதவள். தாள்கள் பாதி தலைகீழாக ஒட்டியிருந்தன. நீங்கள் தலையைத் தோளில் சாய்த்து, பிறகு இடுப்பை வளைத்து, கொக்கு மாதிரி நின்று படித்தீர்கள். “கழுத்து சுளுக்கிக்கப் போவுது சார். காத்து வராம இருக்க ஒட்டினது. காத்துக்கு நேரு தெரியுமா, தலைகீழு தெரியுமா?” என்றாள். சிரித்துவிட்டு நீங்கள் மறுபடி வளைந்தீர்கள்.

அப்போதுதான் அந்தச் செய்தியை வாய்விட்டுப் படித்தீர்கள். நாலே வரி. குருவித்தலைத் தோட்டத்தில் பிள்ளைக்காம்பராக் கூரை சரிந்தது, அதைப் பழுது பார்க்கும்வரை கொழுந்து எடுப்பதில்லை என்று பெண் தொழிலாளர் மழையில் நின்றனர்.

“பிள்ளைக்காம்பரான்னா என்னங்க?” என்று பெஞ்சில் உட்கார்ந்தபடி கேட்டீர்கள்.

“கொழுந்தெடுக்கப் போற பொம்பளைங்க கைப்புள்ளைங்கள விட்டுட்டுப் போற ரூமு,” என்றேன். “எங்க தோட்டந்தான் அது.”

“அப்படி நின்னவங்க ஆராச்சும் இந்தப் பக்கம் இருக்காங்களா?”

“இவ நின்னா.”

நீங்கள் பெஞ்சிலிருந்து எழுந்துவிட்டீர்கள். பாக்கியம் பிளேன்டீயை உங்கள் முன்னால் வைத்து, “டீ ஆறுது, உக்காருங்க,” என்றாள்.

அந்த நாலு வரிமேல் எனக்கு எவ்வளவு பிடிப்பு என்று உங்களுக்குத் தெரியும். நான் பள்ளிக்கூடம் போனவன் அல்ல. தொழிற்சாலையில் தேயிலைப் பெட்டிமேல் அச்சுக் குத்தியிருக்கிற எழுத்துகளை ஒவ்வொன்றாகக் கேட்டுக் கேட்டுப் படித்தவன். என் தோட்டத்தின் பெயரை அச்சில் நான் பார்த்தது அந்த ஒரு தாளில்தான். நாங்கள் கிளம்பிய பிறகு அந்தத் தோட்டத்தைப் பிரித்துப் பெயரையே மாற்றிவிட்டார்களாம். இங்கே கடைத்தெருவில் எங்களைச் சிலோன்காரன் என்றார்கள். அங்கே இந்தியாக்காரன் என்றார்கள். நீங்களும் ஒருநாள் விளையாட்டாகச் சிலோன்காரரே என்று கூப்பிட்டீர்கள். “அப்போ நான் உங்கள கோயமுத்தூர்க்காரரேன்னு கூப்பிடவா?” என்று கேட்டேன். “கூப்புடுங்க, எனக்கென்ன கொறைஞ்சா போச்சு,” என்றீர்கள். உங்களுக்கு ஒன்றும் குறையவில்லை, உண்மைதான். கோயமுத்தூர் அங்கேயேதான் இருந்தது.

அடுத்த ஆடியில் கடைசிப் பிள்ளைக்கு இருமல் விடவில்லை. நான் வேலைக்குப் போயிருந்தபோது பாக்கியம் அந்தச் சுவரில் இன்னொரு தாளை ஒட்டிவிட்டாள். இந்த ஊர் நாளிதழ். மேட்டுப்பாளையம் மண்டியில் உருளைக்கிழங்கு என்ன விலை, கோஸ் என்ன விலை என்று பக்கம் முழுக்க. அது குருவித்தலைமேல் உட்கார்ந்துவிட்டது. வந்து பார்த்துக் கத்தினேன். “வேற எடமே இல்லையா ஒனக்கு?”

“காத்து அங்கதான வருது,” என்றாள். பிறகு திரும்பாமலேயே சொன்னாள்: “மழையில நின்னது நானு. நின்னேன்னு எனக்குத் தெரியாதா? அதச் செவுத்துல வேற பாத்துக்கிட்டே இருக்கணுமா?”

நான் சாப்பிடாமல் படுத்தேன். அவள் சாப்பிட்டாள்.

பிறகு நிர்வாகத்தில் சிமெண்டு பூச ஆள் அனுப்பினார்கள். சுவரெல்லாம் சுரண்டியாக வேண்டும். அதற்கு முன்னால் நீங்கள் ஒரு கெட்டிலும் தோசைத் திருப்பியுமாக வீடு வீடாக வந்தீர்கள். கெட்டில் மூக்கிலிருந்து ஆவி பிடித்துப் பசையை இளக்கி, திருப்பியை உள்ளே விட்டு, குழந்தையைத் தூளியிலிருந்து எடுக்கிற மாதிரி எடுத்தீர்கள். லயமே கூடி நின்று சிரித்தது. “லைப்ரரி சார் செவுத்துக்கு ஒத்தடம் குடுக்குறாரு,” என்றார்கள். எங்கள் சுவர் மட்டும் இரண்டு தாளும் ஒட்டிக்கொண்டு அட்டை மாதிரி வந்தது.

“மேல உள்ளத உரிச்சுப் போட்டுருங்க. கீழ உள்ளதுதான் வேணும்,” என்றேன்.

“மேல இருக்கறதும் ஒருத்தர் ஒட்டுனதுதானுங்களே.”

“உருளைக்கெழங்கு வெலைய வச்சு என்ன செய்யப் போறீங்க, கொழம்பு வைக்கவா?”

“பிரிச்சா ரெண்டுமே போயிருமுங்க. பசை அப்படி. அவசரப்படாதீங்க, தாளுக்கு அவசரமில்லைங்க.”

“எனக்கு இருக்கு.”

“உங்களுக்கு எதுலதானுங்க இல்ல?”

அதோடு விட்டிருக்கலாம். ஒவ்வொரு தாளுக்கும் ஒரு சீட்டு எழுதி வைத்தீர்களே, அதில் ‘ஒட்டியவர்: பாக்கியம்’ என்று எழுதினீர்கள். என் பெயர் எங்கே என்று கேட்டேன். “ஊடு தோட்டத்தோடதுங்க. ஒட்டுனது அவங்க. நீங்க இதுல எங்கீங்க வர்றீங்க?” என்று சிரித்தபடி கேட்டீர்கள். பாக்கியமும் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. ஆனாலும் அந்த ஈரத் தாளைக் கம்பளியில் சுருட்டித் தோளில் போட்டு, தொழிற்சாலையில் கொழுந்து வாடப்போடுகிற மாடிக்குக் கொண்டுபோய்க் காயவைத்தது நான்தான். “டீயில மைதா வாசம் அடிச்சா வெளிநாட்டுக்காரனுக்கு நீயா பதில் சொல்லுவ?” என்று மேலாளரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டதும் நான்தான். அதை எந்தச் சீட்டிலும் நீங்கள் எழுதவில்லை.

ஓய்வு பெற்றதும் கோயமுத்தூருக்குத் திரும்பிப் போனீர்கள். உங்களுக்குத் திரும்பிப் போக ஊர் இருந்தது. பாக்கியம் கண்ணை மூடியபோது பஸ் பிடித்து வந்தீர்கள். அன்றைக்கும் என் கையைப் பிடித்துக்கொண்டு பெட்டி நனையாமல் இருக்கிறதா என்றுதான் கேட்டீர்கள். எனக்கு எரிச்சல் வந்தது. அடுத்த மழைக்கு நீங்களும் இல்லை. அதற்குப் பிறகு அந்தப் பெட்டியைப் பற்றிக் கேட்க ஆளில்லை. கூரை ஒழுகும்போதெல்லாம் நான்தான் போய் இடம் மாற்றி வைத்துவிட்டு வந்தேன்.

இன்று மேலிடத்திலிருந்து வந்த அதிகாரி அந்த அட்டையை விரலால் தட்டினார். “ஒரு தாளு, ஒரு படம், ஒரு பதிவு. அதுதான் முறை. ஒட்டிக் கிடக்கறத எப்படிப் பதியறது? பிரிக்கணும், இல்லேன்னா கழிவுல சேர்க்கணும். நீங்க சரின்னு சொல்லுங்க பெரியவரே. மேல இருக்கறது கிழிஞ்சாப் போகட்டும். கீழ இருக்கறதுதான் பழசு, அதுக்குத்தான் மதிப்பு.”

இத்தனை வருஷமாக நான் சொல்லி வந்ததேதான். உங்களிடம் கத்தியதேதான். அதை இன்னொருவர் வாயால், அதுவும் கையில் தகட்டுக் கத்தியோடு கேட்டபோது எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

“மேல உள்ளது எம்பொஞ்சாதி ஒட்டினது. அதுல கை வைக்கக் கூடாது,” என்றேன்.

“அப்போ கழிவு.”

“அதுவும் கூடாது.” அட்டையை வாங்கிப் பெட்டிக்குள் வைத்து, மூடி, மேலே உட்கார்ந்துகொண்டேன்.

“ஏறி உட்காராதீங்க, உடைஞ்சிரும்.”

“தேயிலை செமந்த பெட்டி. என்னையும் செமக்கும்.”

அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு சாப்பிடப் போய்விட்டார். எனக்குப் பசித்தது. எழுந்தால் எடுத்துவிடுவார்களோ என்று எழவில்லை.

எந்திரம் ஓட்டுகிற பெண் இத்தலார் ஊர்க்காரி. வீட்டில் படுகர் மொழி பேசுகிறவள், தமிழை ஒவ்வொரு சொல்லாக நிறுத்திப் பேசுகிறாள். எனக்கு டீ கொண்டுவந்து கொடுத்தாள். “தாத்தா, பிரிக்கவே வேண்டாம். கண்ணாடி மேல வெச்சு, கீழ லைட் போட்டு ஒரு படம் எடுக்கறேன். மேல லைட் போட்டு இன்னொண்ணு. ரெண்டையும் ஒரே பதிவுல சேர்த்துடறேன். அவர்கிட்ட நான் பேசிக்கறேன்.”

எழுந்து கொடுத்தேன்.

விளக்கு எரிந்ததும் திரையில் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக வந்தது. உருளைக்கிழங்கு, கோஸ், அதற்கு நடுவே எறும்பு ஊர்கிற மாதிரி வேறெழுத்துகள். ஒன்றும் புரியவில்லை. கீழ்த் தாள் தலைகீழாக ஒட்டியதம்மா என்றேன். அவள் படத்தைத் திருப்பினாள். மண்டி விலையெல்லாம் கவிழ்ந்தது. அங்கே, ‘குருவி’ என்று இருந்தது. ‘தலை’யை ஒரு கோஸ் மூடியிருந்தது. கொஞ்சம் தள்ளிக் ‘கூரை’. அதற்கும் கீழே ‘மழையில் நின்’. அவ்வளவுதான்.

“மேல இருக்கற எழுத்த மட்டும் கம்ப்யூட்டர்ல கழிச்சுப் பார்க்கலாம் தாத்தா. படத்துலதான், தாளுக்கு ஒண்ணும் ஆகாது. செஞ்சு பார்க்கட்டுமா?”

வேண்டாம் என்றேன். அந்தச் செய்தி எனக்குத் தெரியும். காற்று எந்தப் பக்கம் வந்தது என்று பாக்கியத்துக்குத் தெரியும். இரண்டும் சேர்ந்துதான் அந்தச் சுவர்.

பதிவு எழுதும்போது அவள் தயங்கினாள். ஆசிரியர் என்று ஓர் இடம் இருக்கிறதாம். அதைக் காலியாக விட்டால் கணினி ஏற்காதாம். உங்கள் சீட்டைக் காட்டி, “ஒட்டியவர்னு எடமே இதுல இல்லயே தாத்தா, யாரைப் போடறது?” என்றாள்.

“அதுல எழுதியிருக்கிற பேரையே போடும்மா.”

போட்டாள். ஆசிரியர்: பாக்கியம். அடுத்து, ஊர் என்று கேட்டது. குருவித்தலை என்றேன். “அது எங்க இருக்கு தாத்தா?” என்றாள். இப்போது இல்லை, போடு என்றேன். அதையும் போட்டாள்.

கைநாட்டு வைத்துச் சம்பளம் வாங்கியவள் பெயர், கோயமுத்தூர்க்காரரே, நூலகத்தில் ஆசிரியர் என்று ஏறியிருக்கிறது. பத்திரிகைக்காரன் வெறும் ‘பெண் தொழிலாளர்’ என்று எழுதிவிட்டுப் போன இடத்தில் அவள் பெயர் இருக்கிறது. நீங்கள் பார்த்திருந்தால் பெஞ்சிலிருந்து எழுந்திருப்பீர்கள். அவள், டீ ஆறுது, உக்காருங்க என்றிருப்பாள்.

சாப்பிட்டு வந்த அதிகாரி திரையைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். சரி, இருக்கட்டும் என்றார். படம் எடுத்த பிறகு தாள்கள் இங்கேயே இருக்குமா, மலையிறக்கிக் கீழே கொண்டுபோய்விடுவீர்களா என்று கேட்டேன். அது மேலே முடிவாகணும் என்றார். மேலே, கீழே. என் வாழ்நாளெல்லாம் இதைத்தான் கேட்கிறேன்.

உங்கள் சீட்டு பசை விட்டுக் கையோடு வந்துவிட்டது. அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்தேன். விரலில் துத்த நெடி போகவில்லை, இந்த மடலிலும் அடிக்கும். நான் இதில் எங்கே வருகிறேன் என்று அன்றைக்குக் கேட்டீர்களே. பெட்டிமேல் உட்காருகிறவன் நான். நாளைக் காலையிலும் போய் உட்கார வேண்டும். தாளுக்கு அவசரமில்லை, தெரியும். முட்டிதான் வலிக்கிறது.