இருபத்திரண்டு வீடுகள்

நிபோங் தோட்டம்,
செடெனாக்.
9-8-1931

என் அன்புள்ள சிவம் அண்ணாவுக்கு,

தங்கச்சி பாமா எழுதுவது. இங்கே அப்பா, அம்மா, நான் மூவரும் சுகம். உங்கள் இருமல் விட்டதா என்று அம்மா தினமும் என்னைக் கேட்கிறார். எனக்கு எப்படித் தெரியும்? நீங்கள் எழுதினால்தானே!

நீங்கள் கேட்ட வேலையை முடித்துவிட்டேன். பள்ளி விடுமுறை முழுவதும் அதற்கே போயிற்று. சிங்கப்பூர்க் கல்லூரியில் டிப்ளோமாதான் தருவார்கள், பொருளாதார சாஸ்திரத்தில் பட்டம் வேண்டுமென்றால் லண்டன் பல்கலைக்கழகத்துக்கு மாற வேண்டும், அதற்கு நல்ல கட்டுரை ஒன்று காட்ட வேண்டும் என்று எழுதியிருந்தீர்கள். அந்தக் கட்டுரைக்கு நான் விவரம் சேர்க்கிறேன் என்பதை நினைத்தாலே நித்திரை வரவில்லை.

தொழிலாளர் லயத்தில் இருபத்திரண்டு வீடுகளுக்கும் போனேன். வீட்டில் எத்தனை பேர், நேற்று என்ன சாப்பிட்டார்கள், கொல்லையில் என்ன இருக்கிறது, எல்லாம் கேட்டு எழுதியிருக்கிறேன். ஆபீசில் கணக்கு எழுதும் கிராணியின் மகள் வாசலில் போய் நிற்கிறாளே என்று முதல் நாள் வெட்கமாக இருந்தது. ரப்பர் பால் வெட்டும் காளியம்மா என்னைக் கண்டதும், "என்ன பாப்பா, கிராணி வீட்டுல அரிசி தீந்துபோச்சா? எங்க பானைய எட்டிப் பாக்குறே!" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். பிறகு அவளே உட்கார வைத்து, "எழுதிக்க. நேத்து சோறு, கருவாடு, கீரை. பின்னால மரவள்ளி நூறு செடி. ஆடு ஒண்ணு, அந்தா நிக்குது பாரு" என்றாள். அவித்த கிழங்கும் தந்தாள். அவள் மகள் வெள்ளையம்மாவுக்கு என் வயதுதான்.

எல்லா வீட்டிலும் இப்படித்தான். மொத்தம் பதினொரு ஆடுகள். நம் தோட்டத்து ஆட்கள் இவ்வளவு நன்றாக இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது, அண்ணா.

உங்கள் அன்புத் தங்கச்சி,
பாமா


சிங்கப்பூர்
24-8-1931

அன்புத் தங்கச்சி பாமாவுக்கு,

உன் தாள்களைப் பார்த்து என் பேராசிரியர் அசந்துபோனார். "யார் சேர்த்தது?" என்றார். "என் தங்கை, பதினைந்து வயது" என்றேன். நம்பவில்லை!

கட்டுரை முடிந்தது. தொழிலாளி தன் உணவில் மூன்றில் ஒரு பங்கைக் கூலியில்லாமல் தானே விளைத்துக்கொள்கிறான் என்று உன் விவரத்தைக் கொண்டு நிறுவியிருக்கிறேன். இதுவரை யாரும் எழுதாத விஷயம் இது.

இனி ஒன்றுதான் பாக்கி. தோட்டக் கம்பெனி ஒரு மாணவனுக்குக் கப்பல் செலவும் படிப்புச் செலவும் தருகிறது. நம் தோட்டத்து வெள்ளைக்காரத் துரையின் சிபார்சுக் கடிதம் இருந்தால் எனக்குக் கிடைக்கும். கட்டுரையின் பிரதி ஒன்றை அப்பாவுக்கு அனுப்பியிருக்கிறேன், துரையிடம் கொடுக்கச் சொல்.

நான் லண்டனிலிருந்து திரும்பியதும் உன்னையும் கல்லூரியில் சேர்ப்பேன். இருமல் நின்றுவிட்டது என்று அம்மாவிடம் சொல். நிற்கவில்லை. ஆனாலும் சொல்.

உன் பிரியமுள்ள அண்ணா,
சிவம்


நிபோங் தோட்டம்
3-10-1931

அன்புள்ள அண்ணாவுக்கு,

துரை உங்கள் கட்டுரையைப் படித்தார். சிபார்சும் எழுதிக் கொடுத்துவிட்டார். அதற்கு மறுநாள் காலைப் பெரட்டில் பெயர் கூப்பிட ஆட்கள் வரிசையில் நின்றபோது, நாட்கூலி நாற்பது காசிலிருந்து முப்பதாகக் குறைகிறது என்றார். "உங்களுக்குக் கிழங்கு இருக்கிறது, ஆடு இருக்கிறது. உங்கள் கிராணியின் மகனே எழுதியிருக்கிறான்" என்றாராம். அப்பாதான் அதைத் தமிழில் சொல்ல வேண்டியிருந்தது. வீட்டுக்கு வந்து அவர் சாப்பிடவில்லை.

நான் காளியம்மாவிடம் ஓடினேன். அண்ணா, தோட்டத்தில் ஆடு இரண்டுதான். இரண்டும் கங்காணியுடையவை. நான் ஒரு வீட்டில் எழுதிக்கொண்டிருக்கும்போதே பின்பக்கமாக அடுத்த வீட்டுக்கு ஓட்டியிருக்கிறார்கள். அதே செந்நிற ஆட்டை நான் ஐந்தாறு முறை பார்த்தேன். ஆடுகள் ஒன்று போலத்தானே இருக்கும் என்று நினைத்தேன். மரவள்ளி நூறு செடி இல்லை, பதினெட்டு. இந்த முறை நானே எண்ணினேன்.

"ஏன் பொய் சொன்னீங்க?" என்று கேட்டேன்.

"கிராணி மக வந்து என்ன தின்னேன்னு கேக்குது. பட்டினின்னு சொன்னா துரை காதுக்குப் போவும். இவன் வேலைக்கு ஆவமாட்டான்னு இந்தியாவுக்குக் கப்பல்ல ஏத்திருவாங்க. போன மாசம் பக்கத்துத் தோட்டத்துல அப்பிடித்தான் ஏத்துனாங்க" என்றாள். பிறகு, "வீடு தேடி வந்த புள்ளகிட்ட இல்லன்னு சொல்ல வாயும் வரல, பாப்பா" என்றாள். எனக்குத் தந்த கிழங்குகூட இரவல் வாங்கியது.

விவரம் பிழை என்று துரைக்கு உடனே எழுதுங்கள். நீங்கள் எழுதினால் நம்புவார்.

பாமா


சிங்கப்பூர்
12-10-1931

அன்புத் தங்கச்சிக்கு,

அழாதே. ரப்பர் விலை விழுந்து கிடக்கிறது. என் கட்டுரை இல்லாவிட்டாலும் துரை கூலியைக் குறைத்திருப்பார். அவருக்கு ஒரு காரணம் வேண்டியிருந்தது, கிடைத்தது. அவ்வளவுதான்.

விவரம் பிழை என்று நான் எழுதினால் என்ன ஆகும்? கம்பெனியின் உதவி போகும், லண்டன் போகும். அப்பாவின் உத்தியோகத்துக்கும் உத்தரவாதமில்லை. ஆட்களுக்குப் பழைய கூலி திரும்புமா? திரும்பாது. நன்றாக யோசித்துப் பார். நான் படித்து வந்தால் இவர்களுக்காகப் பேச ஒருவனாவது இருப்பான்.

ஆட்டுக் கதையை யாரிடமும் சொல்லாதே. எண்ணியது நீதான் என்பதையும் மறந்துவிடாதே. கோபத்தில் சொல்லவில்லை.

அண்ணா


நிபோங் தோட்டம்
29-11-1931

அன்புள்ள அண்ணாவுக்கு,

ஆறு வாரம் யோசித்தேன். நீங்கள் சொன்ன ஒவ்வொன்றும் சரியாகத்தான் தெரிந்தது. அதனால்தான் பயமாக இருந்தது.

போன திங்கட்கிழமை வீரமுத்துவும் இன்னும் நான்கு பேரும் முப்பது காசில் பிழைக்க முடியாது என்று துரையிடம் சொன்னார்கள். ஐந்து பேரையும் வேலைப் பதிவிலிருந்து பெயர் வெட்டி, குடும்பத்தோடு இந்தியாவுக்கு அனுப்ப உத்தரவு. வீரமுத்து காளியம்மாவின் புருஷன். காளியம்மா இதே நாட்டில், பாலோவில் பிறந்தவள், இந்தியாவைக் கண்டதே இல்லை.

அன்று மாலை இருபத்திரண்டு வீடுகளின் உண்மையான விவரத்தை இங்கிலீஷில் எழுதி, என் பெயரைப் போட்டு, துரை பங்களாவில் கொடுத்தேன். உங்களிடம் கேட்கவில்லை. கேட்டால் நீங்கள் வேண்டாம் என்பீர்கள், நானும் கேட்டுவிடுவேன்.

துரை அப்பாவை அழைத்து, உங்கள் பெண் நல்ல இங்கிலீஷ் எழுதுகிறாள் என்று சிரித்தாராம். பொய் விவரம் எழுதிய பையனுக்குச் சிபார்சு செய்ய முடியாது, திரும்பப் பெற்றுக்கொள்கிறேன் என்றாராம். கூலி முப்பதுதான். உங்கள் சிபார்சுக்கு அந்தக் கணக்கு பிழை, கூலிக்கு மட்டும் இன்னும் சரி. ஐந்து குடும்பமும் போகத்தான் வேண்டும்.

அப்பா ஒரே ஒரு வார்த்தை சொன்னார். "அண்ணன்ரை முகத்தில நான் இனி எப்படிப் பிள்ளை முழிப்பன்?"

நேற்று லாரி வந்தது. எல்லாம் என்னால்தான் என்று காளியம்மாவிடம் சொன்னேன். அவள் மூட்டையைக் கட்டிக்கொண்டே, "நீ என்ன பண்ணுவே? நான் சொன்னதத்தானே எழுதுனே" என்றாள். வெள்ளையம்மா என்னைப் பார்க்கவில்லை.

கப்பல் வருகிற வியாழக்கிழமை சிங்கப்பூரிலிருந்து புறப்படுகிறது. என்னை மன்னிக்க வேண்டாம், அண்ணா. ஒருமுறை துறைமுகத்துக்குப் போய் அவர்களைப் பாருங்கள்.

பாமா


சிங்கப்பூர்
5-12-1931

சத்தியபாமாவுக்கு,

கடிதம் கிடைத்தது. கம்பெனியிலிருந்தும் வந்தது. லண்டன் இல்லை. கல்லூரியிலிருந்தும் நின்றுவிட்டேன், இங்கே ஒரு சரக்குக் கிட்டங்கியில் வேலை. அம்மாவுக்குத் தனியாக எழுதுவேன். நீ எனக்கு எழுத வேண்டாம்.

வியாழக்கிழமை துறைமுகத்துக்குப் போனேன். இருநூறு பேருக்கு மேல் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அதில் காளியம்மா யாரென்று எனக்குத் தெரியவில்லை. கேட்கவும் வாய் வரவில்லை. கப்பல் சங்கு ஊதும் மட்டும் நின்றுவிட்டு வந்தேன்.

க. சாம்பசிவம்