லோட்டன் துரையின் கல்

செப்டெம்பர் 14, ஞாயிறு

மைதானத்துக் கல்லில் இருந்த ஆங்கிலத்தை இன்று எழுதி எடுத்தேன். லோட்டன் விளையாட்டுக் கழகத்துக்கு நூறு வயதாகிறது. நூற்றாண்டு மலரில் போட அது தமிழில் வேண்டும் என்று கழகத் தலைவர் கிறகரி அண்ணை கேட்டிருந்தார். தம்பி டிலோஜன்தான் இப்போது உதைபந்தாட்ட அணித்தலைவன். ஒவ்வொரு ஆட்டத்துக்கு முன்னும் பெடியள் அந்தக் கல்லைத் தொட்டுச் சிலுவை போட்டுக்கொண்டுதான் இறங்குவார்கள். ஒருவரும் அதை வாசித்ததில்லை. நானும்தான்.

"இம்முகாமின் அதிகாரி லோட்டன். கறுப்புக் கூலியை அவனுக்குரிய இடத்தில் வைத்திருந்தவர்."

பாராட்டாக வெட்டியிருக்கிறார்கள்.

செப்டெம்பர் 15

தோட்டங்களுக்கென்று இந்தியாவிலிருந்து கொண்டுவந்தவர்களை அடைத்து வைத்த முகாம். பிறகு மலை வரை நடை. கொலரா கண்டவர்களை மணலில் விட்டுவிட்டு மற்றவர்கள் நடந்தார்கள். எத்தனை புத்தகத்தில் படித்திருப்பேன்? அந்த மணல் எங்கள் மைதானம் என்று நினைத்ததே இல்லை.

செப்டெம்பர் 21

கிறகரி அண்ணை வாசித்துவிட்டுத் தாளை மடித்தார். "அந்த வரியை விட்டிட்டு மிச்சத்தைப் போடும் பிள்ளை."

பெயரையே மாற்றலாமே என்றேன்.

"லோட்டன்ஸ் எண்டாலே யாழ்ப்பாணத்து ரீம் நடுங்கும். துரை செத்து எந்தக் காலம்! வேணுமெண்டா பொதுக்கூட்டத்தில கேளும்."

செப்டெம்பர் 22

அம்மாவிடம் சொன்னேன். தேங்காய் துருவிக்கொண்டிருந்தவர் நிறுத்தினார். "என்னத்தையும் கேள். எங்கட கதையை மட்டும் எடுக்காத."

எழுபத்தேழாம் ஆண்டுக் கலவரத்தில் மலையகத் தேயிலைத் தோட்டத்திலிருந்து ஓடிவந்த குடும்பம் அம்மாவுடையது. அப்பாவுக்குத் தெரியும், எனக்கும் தம்பிக்கும் தெரியும். ஊரைப் பொறுத்தவரை அவர் பக்கத்து ஊரான முருங்கன்காரி.

"தோட்டக்காட்டாள் எண்டு ஒருக்காச் சொல்லிட்டாங்களெண்டா, சாகுமட்டும் அதுதான் பேர்."

சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

செப்டெம்பர் 29

மாலைப் பயிற்சி. கால்களின் சத்தம் ஜன்னல் வரை வருகிறது. கொஞ்சநேரம் கேட்டிருந்தால் அது ஓட்டமாக இல்லை. நடக்கிறார்கள். ஓர் அணிக்குரிய ஆட்கள் அல்ல, நிறையப் பேர்.

ஒக்டோபர் 5

கூட்டம். வரலாற்றைச் சொன்னேன், கல்லை வாசித்துக் காட்டினேன். கிறகரி அண்ணை பொறுமையாகத்தான் கேட்டார்.

"பாவம்தான். ஆனா எங்கட ஆக்கள் ஒருத்தரும் சாகேல்லயே. உமக்கென்ன பிள்ளை, உம்மட ஆக்களோ?"

சபை சிரித்தது. தம்பியும் சிரித்தான், என்னைப் பார்க்காமல்.

"ஓம். என்ட அம்மாட ஆக்கள்."

ஐயோ, ஏன் சொன்னனான்? வாய் தானாத் திறந்தது— இல்லை, பொய். தெரிஞ்சுதான் சொன்னனான்.

கை தூக்கச் சொன்னார்கள். பெயர் நின்றது. தம்பி இரண்டு பக்கத்துக்கும் கை தூக்கவில்லை.

ஒக்டோபர் 6

அம்மா என்னோடு கதைக்கவில்லை.

ஒக்டோபர் 19

தம்பி இன்று கல்லைத் தொடாமல் இறங்கினான். எதிரணிப் பெடியள் கத்தினார்கள்: "டேய் தேயிலை! பந்தை விடு, கொழுந்தை ஆய்!" எங்கள் பக்கத்திலும் சிரித்தார்கள்.

தோற்றோம். கல்லைத் தொடாததுதான் காரணமாம்.

அம்மா அவனுக்குச் சோறு போட்டுக் கொடுத்தார். என் சோற்றுக் கோப்பையை மூடி வைத்துவிட்டு அறைக்குப் போய்விட்டார். இப்போது இந்த வீட்டுக்குள்ளும் நடக்கிறார்கள். நான்தான் கூட்டி வந்தேன்.

நவம்பர் 2

சகல ஆத்துமாக்கள் நாள். சேமக்காலையில் ஊரே நின்றது. அப்பாவின் கல்லறையில் மெழுகுதிரி கொளுத்தினோம்.

பிறகு அம்மா ஒரு திரியை எடுத்துக்கொண்டு படலையைத் தாண்டிப் போனார். மதிலுக்கு வெளியே, மைதானம் வரை நீளும் வெறும் மணலில் குந்தி அதை நட்டார். காற்று அணைத்தது. மறுபடி கொளுத்தினார். மறுபடி அணைந்தது.

பக்கத்து வீட்டுப் பிறின்சி அக்கா படலையடியில் நின்று கேட்டார். "செலீனா, அங்க ஆருக்கடி? அங்க ஒருத்தரையும் புதைக்கேல்லயே."

அம்மா நிமிரவில்லை. நான் ஒருநாளும் அவர் வாயில் கேட்டிராத மலையகப் பேச்சில், எல்லோருக்கும் கேட்கச் சொன்னார்:

"எங்க ஆளுங்க கெடக்குறாங்க. காத்து அடிக்குது, கொஞ்சம் மறைச்சு நில்லுங்க."

பிறின்சி அக்கா படலையைத் தாண்டினார். வந்து, சீலைத் தலைப்பை விரித்துக்கொண்டு நின்றார். கடல் பக்கம் இன்னும் திறந்தே இருந்தது.

"நீ அந்தப் பக்கம் வா, புள்ள," என்றார் அம்மா.