கயிற்றின் கடைசியில் நின்றவர் பெயர் மலர்

அனுப்புநர்:
வே. கவியா,
த/பெ. வேடியப்பன்,
6, பழைய லைன் வீடுகள்,
வெள்ளைப்பாறை, வாழவந்தி அஞ்சல்,
ஏற்காடு வட்டம், சேலம் மாவட்டம்.

பெறுநர்:
உயர்திரு பொறுப்பு அலுவலர் அவர்கள்,
கோடை விழா விளையாட்டுப் பிரிவு,
ஏற்காடு.

பொருள்: கோடை விழா பழைய வெற்றி அணிகள் கல்வெட்டு – வெள்ளைப்பாறை எஸ்டேட் மகளிர் கயிறு இழுக்கும் அணி – எட்டாவது பெயரைத் திருத்தக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: ஏரிக்கரை அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட்ட பெயர்ப் பட்டியல், நாள் 07.04.2025.

மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம்.

1. இதை நேரில் சொல்லத்தான் முதலில் வந்தேன். தங்கள் அலுவலகத்துக்கு இரண்டு முறை வந்து, வாசலில் நின்றுவிட்டுத் திரும்பிப் போனேன். எனக்குப் பழக்கமில்லாதவர்களிடம் பேச வராது. மூன்றாம் முறை அங்கிருந்த அலுவலர் ஒருவர் தாமாகவே கூப்பிட்டு, "ஏன் கண்ணு, நிதமும் வந்து கதவப் பாத்துட்டுப் போற? கதவுக்கு விலை கேக்கறியா?" என்றார். விஷயத்தைச் சொன்னேன். "சர்டிபிகேட்ல இருக்கற பேருதான் கல்லுல வரும். மாத்தோணும்னா எழுதிக் குடு சாமி, சார் பாப்பாரு" என்றார். அவர் சொன்னபடி எழுதுகிறேன். நான் ஒன்பதாம் வகுப்பு வரை படித்தவள். கொரோனாவில் பள்ளிக்கூடம் மூடியபோது காபி பறிக்கப் போனேன். திறந்தபோது திரும்பிப் போகவில்லை. பிழைகள் இருந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

2. இப்போது இல்லாமல் போன அணிகளின் பெயர்களைக் கருங்கல்லில் செதுக்கி ஏரி மைதானத்தில் வைக்கப்போவதாக அறிவித்திருக்கிறீர்கள். அதற்கு எங்கள் லைன் வீடுகளில் உள்ள அனைவர் சார்பிலும் நன்றி. வெள்ளைப்பாறை அணியின் பெயர் அதில் வருகிறது என்று தெரிந்த அன்று, வேலம்மாள் பெரியம்மா பதினோரு வீட்டுக்கும் போய்ச் சொல்லிவிட்டு வந்தார். அவர்தான் அந்த அணியின் கேப்டன்.

3. அந்த அணியைப் பற்றித் தாங்கள் அறிந்திருக்க வாய்ப்பில்லை என்பதால் சொல்கிறேன். எட்டுப் பேரும் காபி பறிக்கிறவர்கள். பயிற்சி கொடுத்தவர் எஸ்டேட் லாரி ஓட்டிய மரியதாஸ் ஐயா. காபிக் கொட்டை காயப்போடும் களத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் லாரியை நியூட்ரலில் விட்டு, முன்னால் கயிற்றைக் கட்டிக் கொடுப்பாராம். லாரி நகர்ந்தால்தான் அன்றைக்கு டீ. போட்டி நடக்கும்போது அவர் இரண்டே வார்த்தைதான் சொல்வார். "நில்லு" என்றால் யாரும் இழுக்கக் கூடாது, காலை ஊன்றி நிற்க வேண்டும். எதிரணி இழுத்து இழுத்துச் சோர்ந்த பிறகு "இப்ப" என்பார். மற்ற அணிகளுக்கு இழுக்கத் தெரியும். வருடம் முழுவதும் சரிவில் இடுப்பில் பையைக் கட்டிக்கொண்டு பழம் பறிக்கிறவர்களுக்கு நிற்கத் தெரியும். சேலத்திலிருந்து ஷூ போட்டுக்கொண்டு வந்த கல்லூரி அணியை வெறும் காலோடு நின்று ஜெயித்தார்கள். 2003, 2004, 2005, 2006, 2008 ஆகிய ஐந்து வருடங்கள் கோப்பை வெள்ளைப்பாறைக்குத்தான் வந்தது. 2009 தொடக்கத்தில் எஸ்டேட்டை விற்றுவிட்டார்கள், அணியும் அதோடு முடிந்தது. களம் இருந்த இடத்தில் இப்போது சுற்றுலாக் கார்கள் நிற்கின்றன. அதில் எனக்குப் புகார் எதுவும் இல்லை.

4. என் புகார் ஒரே ஒரு பெயரைப் பற்றியது. பட்டியலில் எட்டாவதாக "ஆராயி" என்று இருக்கிறது. அந்த இடத்தில், அதாவது கயிற்றின் கடைசியில், கயிற்றை உடம்போடு சுற்றிக்கொண்டு நின்றவர் என் தாயார் மலர். ஐந்து வருடமும் அவர்தான் நின்றார். ஆராயி என்பவர் என் அத்தை, அப்பாவின் அக்கா. அவர் 2001இலேயே திருப்பூருக்குப் பனியன் கம்பெனி வேலைக்குக் குடும்பத்தோடு போய்விட்டார். அந்தச் சமயம் எஸ்டேட்டில் புதிதாக ஆள் எடுக்கவில்லை. அப்போதுதான் கல்யாணமாகி வந்திருந்த என் தாயாரை, தினமும் வேலைக்கு வருகிறவர்களின் பெயரைப் பதியும் செக்ரோலில் அத்தையின் பெயரிலேயே வரச் சொன்னார்கள். வெள்ளைப்பாறையில் இப்படி இன்னொருவர் பெயரில் வேலை செய்தவர்கள் பலர் உண்டு. போட்டிக்குப் பெயர் கொடுத்தபோது எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டர் செக்ரோலைப் பார்த்து எழுதி அனுப்பினார். சான்றிதழிலும் அப்படியே வந்துவிட்டது. தங்கள் அலுவலகம் செய்த தவறு இதில் எதுவும் இல்லை.

5. இதற்குச் சாட்சி வேண்டும் அல்லவா. 2003இல் முதல் போட்டியின்போது மைக்கில், "வெள்ளைப்பாறை அணி, கடைசி ஆள் ஆராயி, கயிறு கட்ட வரவும்" என்று கூப்பிட்டிருக்கிறார்கள். யாரும் போகவில்லை. இரண்டாம் முறையும் கூப்பிட்டார்கள். மற்றவர்களோடு சேர்ந்து என் தாயாரும் கூட்டத்தில் ஆராயியைத் தேடிக்கொண்டிருந்தாராம். செக்ரோலில் அந்தப் பெயரை எழுதிக்கொள்வார்களே தவிர, அதுவரை யாரும் அவரை அப்படி வாய்விட்டுக் கூப்பிட்டதில்லை. மூன்றாம் முறை கூப்பிட்டுவிட்டு, வராவிட்டால் எதிரணி ஜெயித்ததாக அறிவிப்போம் என்று நடுவர் சொன்னபோது, வேலம்மாள் பெரியம்மா என் தாயாரின் கையை நன்றாகக் கிள்ளி, "அடியே, ஆராயி நீதான்டி, போ" என்று தள்ளிவிட்டார். அன்றைக்கு ஓடியவர் அதற்குப் பிறகு அந்தப் பெயருக்கு ஒருநாளும் தாமதித்ததில்லை. இப்போதும் ஏற்காடு மார்க்கெட்டில் எல்லோரும் அவரைக் "கயிறு ஆராயி" என்றுதான் சொல்கிறார்கள். காய்கறிக் கடைப் பழனிசாமி அண்ணன், "ஏனுங்க ஆராயியக்கா, கை சும்மாதான இருக்குது, அந்த உருளைக்கிழங்கு மூட்டையக் கொஞ்சம் இழுத்துப் போட்டுட்டுப் போங்க" என்பார். அம்மாவும் சிரித்துக்கொண்டே இழுத்துப் போட்டுவிட்டு வருவார்.

6. கேட்டதும் கேலியும் சாட்சி ஆகாது என்றால், எழுத்தில் உள்ளதும் இருக்கிறது. 2007இல் மட்டும் வெள்ளைப்பாறை இறுதிப் போட்டியில் தோற்று இரண்டாம் இடம் பெற்றது. அந்த வருடச் சான்றிதழ் வேலம்மாள் பெரியம்மா வீட்டில் உள்ளது. அதில் மட்டும் ஆராயி என்ற பெயர் இல்லை. காரணம், 03.05.2007 அன்று நான் பிறந்தேன். என் பிறப்புச் சான்றிதழில் தாயார் பெயர் மலர் என்று இருக்கிறது. அந்த வருடம் ஆராயி அத்தைக்குக் குழந்தை பிறக்கவில்லை. அவர் திருப்பூரில் வேலையில் இருந்தார். கடைசி ஆள் இல்லாமல் வெள்ளைப்பாறை தோற்ற ஒரே வருடம் அது. "உன்னாலதான்டி ஒரு கப்பு போச்சு" என்று பெரியம்மா இன்றைக்கும் என்னைத் திட்டுவார். எனக்கு அதில் பெருமைதான். இரண்டு சான்றிதழ்களின் நகலையும் இணைத்துள்ளேன். பேருந்து நிலையத்துக்கு எதிரில் இருந்த ஸ்டெஃபி ஸ்டுடியோவில் 2005இல் எடுத்த அணியின் புகைப்படமும் இணைப்பில் இருக்கிறது. ஸ்டுடியோ இப்போது இல்லை, அந்த இடத்தில் செல்போன் கவர் விற்கிறார்கள். ஆனால் படத்தின் பின்னால் அவர்கள் குத்திய முத்திரை அழியாமல் உள்ளது. வலது ஓரத்தில் கயிற்றை இடுப்பில் சுற்றி நிற்பவர் என் தாயார். சேலைக்கு மேலே எட்டு என்று எண் போட்ட மஞ்சள் பனியன் போட்டிருக்கிறார். அவை ஜெப்சன் சவுண்ட் சர்வீஸ் கடைக்காரர் இலவசமாகக் கொடுத்தவை. அந்தக் கடையும் இப்போது இல்லை. பனியன் இருக்கிறது. இடுப்புப் பக்கம் கயிறு உரசி நூல் நூலாகப் போய்விட்டது. தேவையானால் கொண்டுவந்து காட்டுகிறேன், திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்.

7. ஆராயி அத்தைக்கு இதில் ஆட்சேபணை உண்டா என்று தாங்கள் கேட்கக்கூடும். போனில் கேட்டேன். "நான் வாழ்க்கையில புடிச்ச கயிறு துணி காயப் போடற கயிறு ஒண்ணுதாங் கண்ணு. உங்கம்மா பேரையே செதுக்கச் சொல்லு. என் பேரப் பாக்க எங்க ஊட்டு ரேஷன் கார்டு போதும்" என்றார். அதையே கடிதமாக எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பியிருக்கிறார். மற்ற ஏழு பேரில் ஆறு பேர் இந்த மனுவின் பின்பக்கத்தில் கையெழுத்து இட்டுள்ளார்கள். ஏழாமவர் காமாட்சி அக்கா இப்போது உயிருடன் இல்லை.

8. என் தாயார் இந்த மனுவைப் பற்றி அறியமாட்டார். அவர் கேட்க மாட்டார் என்பதால்தான் நான் கேட்கிறேன். இன்னொருவர் பெயரில் வேலை செய்தது தெரிந்தால் வம்பு வருமோ என்று அவருக்குப் பயம். "யாரு பேரு இருந்தா என்ன, இழுத்தது நாந்தான" என்று சொல்லிவிடுவார். ஆனால் 13ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை, பட்டியலைப் பார்க்க இருவரும் ஏரிக்கரைக்குப் போனோம். அம்மாவுக்கு வாசிக்க நேரமாகும் என்பதால் என்னை வாசிக்கச் சொன்னார். ஏழு பெயருக்கும் ஏதோ ஒன்று சொன்னார், இவள் வழுக்குவாள், இவள் சிரித்தே கெடுப்பாள் என்று. எட்டாவது பெயரை வாசித்ததும் "ம்" என்றார். இன்னொரு முறை வாசிக்கச் சொன்னார், வாசித்தேன். பஸ் ஏறிய பிறகு, "அந்தப் போர்டு மழையில அழிஞ்சிருமா கண்ணு?" என்று கேட்டார். "போர்டு இல்லீங்கம்மா, கல்லுல செதுக்கறாங்க, அழியாது" என்றேன். அதற்குப் பிறகு வாழவந்தி வரும்வரை ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார். ஐயா, அழியாது என்று நான் சொன்னதுதான் அவருக்குப் பாரமாகிவிட்டது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

9. செக்ரோலில் நடந்தது தவறு என்றால் அதை மறைக்க நான் விரும்பவில்லை. எஸ்டேட் இல்லை, செக்ரோலும் இல்லை. வேலை செய்தவரும் கயிறு இழுத்தவரும் இருக்கிறார்கள். திருத்தங்களை 25ஆம் தேதிக்குள் தர வேண்டும் என்று பட்டியலின் கீழே போட்டிருக்கிறது. கல்லில் உளி படும் முன்பு, வெள்ளைப்பாறை அணியின் எட்டாவது பெயரை "ஆராயி" என்பதற்குப் பதிலாக "மலர்" என்று திருத்தி ஆணையிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். விசாரணைக்கு அழைத்தால் வருகிறேன். இந்த முறை வாசலில் நிற்காமல் உள்ளே வருவேன்.

10. இன்னும் ஒரு வேண்டுகோள். கல்வெட்டுத் திறப்பு நாளில் ஒவ்வொருவரையும் மைக்கில் பெயர் சொல்லி மேடைக்கு அழைப்பதாக அறிவிப்பில் உள்ளது. "மலர்" என்று கூப்பிட்டால் என் தாயார் உடனே எழுந்திருக்க மாட்டார். அந்த மைதானத்தில் அந்தப் பெயரை இதுவரை யாரும் கூப்பிட்டதில்லை. வேறு யாரோ என்று கூட்டத்தைத் திரும்பிப் பார்த்துக்கொண்டிருப்பார். ஆகவே அறிவிப்பவர் அடுத்த பெயருக்குப் போய்விடாமல், 2003இல் கூப்பிட்டதுபோல மூன்று முறை கூப்பிடும்படி சொல்லிவைக்க வேண்டுகிறேன். அதற்குள் வந்துவிடுவார். நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருப்பேன், கிள்ளிவிடுகிறேன்.

இடம்: வெள்ளைப்பாறை
நாள்: 21.04.2025

மனு எழுதியவர்,
மலரின் மகள்
வே. கவியா