சொல்லி வைத்த வண்டி

ஜூன் 1, 2025, ஞாயிறு

வீட்டில் கறி வாங்கிக் கொடுத்துவிட்டு வழக்கம்போல ராஜதுரை அண்ணாச்சி வீட்டுக்குப் போனேன். வழக்கம்போல வண்டியைச் சுற்றி வந்து பார்த்தேன், கேட்டேன். அவரும் வழக்கம்போல, "உனக்குத்தாம்லே மகாராஜா. ஆனா இப்ப இல்ல" என்றார்.

எழுபத்து நாலாம் வருஷத்துப் புல்லட். கறுப்பு டேங்க், ஓரத்தில் கையால் இழுத்த தங்கக் கோடு. கியர் வலது காலில், பிரேக் இடது காலில். இந்த ஊர் உப்புக் காற்றில் இத்தனை வருஷம் ஒரு பொட்டுத் துரு ஏறாமல் வைத்திருக்கிறாரே, லேசான காரியமா? தினமும் தேங்காயெண்ணெய்த் துணியால் துடைப்பார். துறைமுகச் சாலை எடை மேடையில் நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், தன் உப்பளத்து லாரிகளுக்கு எடை போட இந்த வண்டியில்தான் கூடவே வருவார். நான் லாரியை விட்டுவிட்டு வண்டியைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். கேட்க ஆரம்பித்தது அப்போதுதான். மீசைகூடச் சரியாக முளைக்காத வயசு. இப்போது நரைத்தே விட்டது.

"பொண்ணு கேட்டுப் போனாக்கூட இத்தன வருஷம் இழுத்தடிக்க மாட்டாவ" என்கிறாள் சீனித்தாய். கட்டிய மனைவியே இப்படிக் கேலி செய்கிறாள்.

இன்று ஒன்று கவனித்தேன். பெருவெள்ளத்தன்று நானும் அவரும் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று வண்டியைப் பலகை மேல் தூக்கி வைத்த கதையை, காப்பி ஆறுவதற்குள் இரண்டு தடவை சொன்னார். அதில் நானும் இருந்தேன் என்பதே தெரியாத மாதிரி எனக்கே சொன்னார். வயசாகிறது.

ஜூன் 11

அண்ணாச்சி மகள் அனுசியா எடை மேடைக்கே போன் செய்தாள். அப்பா காலையில் உப்பளத்துக்குப் போகிறேன் என்று வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாராம். உப்பளத்தை விற்று எவ்வளவோ காலமாகிறது. மத்தியானம் மூன்றாம் மைலில் ரோட்டோரமாக, வண்டி மேலேயே உட்கார்ந்திருந்தாராம். வீடு எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. டாக்டர் மறதி நோய் என்று போன மாதமே சொல்லியிருக்கிறார். இவர்கள்தான் வெளியே சொல்லவில்லை.

"வண்டிய நீங்க எடுத்துட்டுப் போயிருங்கண்ணே. வேற ஆளுக்குக் குடுக்க மனசு வரல" என்று அழுதாள்.

போனை வைத்ததும் எனக்கு முதலில் வந்தது சந்தோஷம். அதை இங்கேயாவது எழுதித்தான் ஆகவேண்டும். பிறகுதான் மற்றதெல்லாம்.

ஜூன் 15, ஞாயிறு

அண்ணாச்சி கையால் தந்தால்தான் வாங்குவேன் என்று நின்றேன். இன்று தெளிவாகவே இருந்தார். சாவியைத் துண்டில் துடைத்து என் உள்ளங்கையில் வைத்தார். "கியர் வலது கால்ல. மறந்துராத." அவ்வளவுதான் சொன்னார். என் கையை மட்டும் கொஞ்ச நேரம் விடவில்லை. அனுசியா போட்டோ எடுத்தாள்.

வண்டி என் வாசலில் நிற்கிறது. என் வாசலில்!

ஜூன் 16

மறந்துவிட்டேன். துறைமுகச் சாலை வளைவில் கியரைக் குறைப்பதாக நினைத்து இடது காலை அழுத்தினேன். வண்டி அப்படியே நட்டுக்கொண்டு நின்றது. பின்னால் வந்த கன்டெய்னர் லாரிக்காரர் என் பரம்பரையையே இழுத்துத் திட்டினார். அதற்கும் சிரித்தேன்.

ஆள் இல்லாத நேரம் பார்த்து வண்டியை எடை மேடையில் ஏற்றினேன். நிலக்கரி லாரிகளை நிறுக்கிற மேடைக்கு இது எம்மாத்திரம்? நூற்று அறுபது கிலோவுக்கும் நூற்று எண்பதுக்கும் நடுவே எண் தத்தளித்தது. இத்தனை வருஷம் நெஞ்சில் கிடந்தது இவ்வளவுதான் கனமா?

ஜூன் 22, ஞாயிறு

சீனித்தாயைப் பின்னால் வைத்து மணப்பாடு வரை போய்வந்தேன். முதுகு வலிக்கிறது என்று வழியெல்லாம் புலம்பினாள். ஆனால் ஊருக்குள் நுழைந்ததும் பெரிய கடைத்தெரு வழியாகப் போகச் சொன்னாள். நாலு பேர் பார்க்க வேண்டுமாம்.

ஜூன் 29, ஞாயிறு

இன்று ஸ்ரீவைகுண்டம். அண்ணாச்சியைப் போய்ப் பார்க்க வேண்டும். அடுத்த வாரம் கட்டாயம்.

ஜூலை 4

அண்ணாச்சி வந்தார்.

கைலியும் பனியனுமாக, செருப்புகூட இல்லாமல், அவ்வளவு தூரமும் நடந்தே வந்திருக்கிறார். தெருத்தெருவாக வண்டியைத் தேடியிருக்க வேண்டும். என் வாசலில் அதைக் கண்டதும் டேங்க் மேல் இரண்டு கைகளையும் விரித்து வைத்துக்கொண்டார்.

"களவாணிப் பயலே. என் வண்டியக் கொண்டாந்து இங்கன ஒளிச்சு வச்சிருக்கியோ."

தெருவே கூடிவிட்டது. "நான் மகாராஜா. நீங்கதான் அண்ணாச்சி உங்க கையால தந்தீங்க" என்று சொன்னேன். என் முகத்தை உற்றுப் பார்த்தார். தெரியவில்லை. எத்தனை ஞாயிற்றுக்கிழமை! எப்படித் தெரியாமப் போச்சு? நான் களவாணி இல்லன்னு யார்ட்டப் போயிச் சொல்லுவேன்? அவர்ட்டயே சொல்ல முடியலையே.

அனுசியா ஆட்டோவில் வந்து கூட்டிப் போனாள். போகும்போதும் வண்டியைத்தான் திரும்பித் திரும்பிப் பார்த்தார்.

ஜூலை 5

இன்றும் வந்தார்.

ஜூலை 7

இன்றும்.

ஜூலை 12

அனுசியா சாவி கொடுத்த போட்டோவைக் காட்டியிருக்கிறாள். அவருக்குப் புரிந்துவிட்டதாம். தலையில் அடித்துக்கொண்டு, அந்தப் பயலைக் களவாணி என்று சொல்லிவிட்டேனே என்று அழுதாராம். சாப்பிட்டு எழுந்ததும் ஷெட்டுக்குப் போனவர், வண்டி எங்கே என்று கேட்டாராம். மறுபடி போட்டோ, மறுபடி அழுகை. ஒவ்வொரு தடவையும் அவருக்கு அது அன்றைக்குத்தான் நடக்கிறது. போட்டோவை எடுத்து உள்ளே வைத்துவிடும்படி சொன்னேன்.

ஜூலை 15

கண்ணில் படாமல் இருந்தால் மறந்துவிடுவார் என்று வண்டியை மெக்கானிக் ஜெரால்டு பட்டறையில் விட்டேன். அவர் மறக்கவில்லை. எதை எதையோ மறக்கிறவர் இதை மட்டும் மறக்க மாட்டேன் என்கிறார். நேற்று திரேஸ்புரம் வரை போய்விட்டாராம். படகுக்காரர்கள் பிடித்து உட்காரவைத்து, பர்சில் இருந்த நம்பரைப் பார்த்துப் போன் செய்திருக்கிறார்கள்.

வண்டியைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறேன் என்று அனுசியாவிடம் சொன்னேன். அவள் வேண்டவே வேண்டாம் என்கிறாள்.

"வண்டி நின்னா ஏறிப் போயிருவாகண்ணே. மறுவாட்டி எங்கன கெடக்காகன்னு நான் எங்க போயித் தேடுவேன்?"

அவள் சொல்வதும் சரிதான். வைத்துக்கொள்ளவும் முடியவில்லை, கொடுக்கவும் முடியவில்லை. ஆசைப்பட்டது ஒரு தப்பா?

ஜூலை 17

ஜெரால்டு ஒரு யோசனை சொன்னார். பிளக்கைக் கழற்றிவிட்டு வண்டியை அண்ணாச்சி ஷெட்டில் நிறுத்தினால் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பார், ஓட்டவும் முடியாது. அப்படியே செய்தோம். பிளக் என் சட்டைப் பையில்.

ஜூலை 18

காலையிலிருந்து கிக்கரை மிதித்துக்கொண்டே இருக்கிறார் என்று அனுசியா போன் செய்தாள். போனுக்குள்ளே எனக்கு அந்தச் சத்தம் கேட்டது. மிதி. மிதி. மிதி. ஏன் ஸ்டார்ட் ஆகவில்லை என்று அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும், பிளக் என் பையில் கிடக்கிறது.

நான் போய்ச் சேர்வதற்குள் வலது முட்டி பூசணிக்காயாக வீங்கிவிட்டது. வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். நான் கொண்டு போவதைக்கூடப் பார்க்கவில்லை, வலியில் கண்ணை மூடிக்கிடந்தார்.

வண்டியைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

ஜூலை 27, ஞாயிறு

எங்கும் போகவில்லை. வண்டியைச் சீனித்தாய்தான் துடைத்தாள். "அது என்ன செஞ்சிச்சு பாவம்" என்றாள்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

முட்டிக்குத் தைலம் வாங்கிக்கொண்டு போனேன். பஸ் கிடைக்காததால் புல்லட்டிலேயே போக வேண்டியதாயிற்று. தெருமுனையில் நிறுத்திவிட்டு நடக்கலாம் என்று நினைத்தேன். சத்தத்தை வைத்தே கண்டுபிடித்து, ஒரு காலை இழுத்துக்கொண்டு வாசலுக்கு வந்துவிட்டார். சரி, இன்றைக்கும் வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டியதுதான் என்று நின்றேன்.

"சர்வீஸ் முடிஞ்சிதா?" என்றார்.

என்னைப் பட்டறை ஆளாக நினைத்துவிட்டார். "முடிஞ்சிது அண்ணாச்சி."

சுற்றி வந்து பார்த்தார். செயின் தொய்வாக இருக்கிறது, இதற்கா இத்தனை நாள் என்று ஏசினார். பிறகு அனுசியாவைக் கூப்பிட்டு, பட்டறைப் பையனுக்கு டீ கொடுக்கச் சொன்னார். வெளியே, கண்ணாடித் தம்ளரில் வந்தது. இத்தனை வருஷமும் உள்ளே உட்கார்ந்து அவரோடு காப்பி குடித்தவன் நான். தம்ளரை நீட்டும்போது அனுசியா என் முகத்தைப் பார்க்கவில்லை.

செயினைச் சரிசெய்து நாளைக்குக் கொண்டுவருகிறேன் என்று சொல்லி வண்டியை எடுத்தேன். தலையை ஆட்டினார். சத்தமே போடவில்லை.

ஆகஸ்ட் 5

மாதா கோவில் தேர். ஊரே அங்கே. நான் அண்ணாச்சி வீட்டில் ஒரு கெடுதலும் இல்லாத செயினைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

தினமும் வேலை முடிந்து வண்டியைக் கொண்டுபோய்க் காட்டித் திரும்பக் கொண்டுவருகிறேன். முட்டி சரியாகவே இல்லை. இனி அவரால் கிக்கரை மிதிக்க முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மிதிக்க அவரும் நினைப்பதில்லை. ஏறி உட்கார்ந்து ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொள்கிறார், அதுவே போதும் என்பதுபோல.

ஆகவே இன்று வண்டியை அங்கேயே விட்டுவிட்டு வந்தேன். பழைய ஷெட், பழைய இடம். சாவி அனுசியாவிடம்.

"அப்ப வண்டி யாருக்கு?" என்றாள் சீனித்தாய். சாப்பாட்டைப் போடு என்றேன்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

துடைத்துக்கொண்டிருந்தேன். வண்டி மேல் உட்கார்ந்திருந்தார். ஏதோ ஆற்றாமையில் கேட்டுவிட்டேன். வயசான காலத்தில் இதை ஏன் வைத்துக் காக்கிறீர்கள், யாருக்காவது கொடுத்துவிடலாமே என்று.

"இது மகாராஜான்னு ஒரு பயலுக்குல. எடமேடையில இருக்கான். அவனுக்குன்னு சொல்லி வச்சிருக்கேன்."

துணியை டேங்க் மேல் வைத்தேன். "அப்பக் குடுத்துர வேண்டியதுதான அண்ணாச்சி?"

"குடுத்துட்டா ஞாயித்துக்கெழம எவன் வாரான்?"

வாசல் பக்கம் எட்டிப் பார்த்தார்.

"இப்பக் கொஞ்ச நாளா ஆளக் காணோம். வேற எங்கயும் வண்டி வாங்கிட்டானோ என்னமோ."

நான்தான் அது. ரெண்டடி தள்ளி நிக்கேன். மணப்பாடு போனேனே, ஸ்ரீவைகுண்டம் போனேனே. எப்படிச் சொல்ல? சொன்னா யாரு சொல்லுதான்னு அவருக்குத் தெரியணுமே. வருவான் அண்ணாச்சி என்று மட்டும் சொன்னேன். துணியை எடுத்து மறுபடி துடைத்தேன்.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

கறி வாங்கிக் கொடுத்துவிட்டு, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு பஸ்ஸில் போனேன். பட்டறைப் பையனாக இல்லாமல் நானாக. முகத்தைப் பார்த்தால் ஞாபகம் வந்துவிடும் என்று வழியெல்லாம் ஒரு நப்பாசை.

வாருங்கள் என்றார். யார் என்று கேட்கவில்லை. நாற்காலி காட்டினார். ஷெட்டைப் பார்த்தபடி, வண்டியைக் கொடுப்பீர்களா அண்ணாச்சி என்று கேட்டேன்.

"விக்கதுக்கு இல்லய்யா. ஒரு பயலுக்குச் சொல்லி வச்சிருக்கேன். தப்பா நெனைக்காதிய."

பரவாயில்லை என்றேன். அனுசியா உள்ளிருந்து காப்பி கொண்டுவந்தாள், எவர்சில்வர் தம்ளரில். வண்டியைச் சுற்றி வந்து பார்த்தேன். வெள்ளத்தன்று அதைப் பலகை மேல் தூக்கி வைத்த கதையைச் சொன்னார். கூட ஒரு பயல் இருந்தான், நல்ல பயல் என்றார். காப்பி ஆறும் வரை கேட்டுக்கொண்டிருந்தேன்.

கிளம்பும்போது வாசல் வரை காலை இழுத்துக்கொண்டு வந்தார்.

"எதுக்கும் அடுத்த ஞாயித்துக்கெழம வந்து பாருங்க. அந்தப் பய வேண்டாம்னுட்டா ஒங்களுக்குத்தான்."

வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.