கோட்டின் உள்பை

அன்புள்ள நோரீன்,

உன் இடுப்பு வலி குறைந்ததா? நான் ஒருவாறு தூங்குகிறேன்.

நேற்று ஒரு வேடிக்கை. இந்தப் போதை மறுவாழ்வு இல்லத்தில் சிறுநீர் சோதனையின்போது, ஏமாற்றாமல் இருக்க ஒருவர் பக்கத்திலேயே நின்று பார்ப்பார். வந்து நின்ற ஊழியன் ஓக்லி. ராணுவத்தில் அவன் கோப்பையைப் பிடித்தபோது முறைத்துக்கொண்டு நின்ற சார்ஜென்ட் நான்தான்.

"திரும்பாதீங்க சார்ஜென்ட், கோப்பை எனக்குத் தெரியணும். நீங்க சொல்லிக்குடுத்ததுதான்!"

இருவரும் சிரித்தோம். அப்புறம் எனக்குச் சிறுநீர் வரவே இல்லை. தண்ணீர்ச் சத்தம் கேட்டால் வரும் என்று அவனே குழாயைத் திறந்துவிட்டுப் பொறுமையாக நின்றான்.

இங்கே குளிர் தாங்கவில்லை. என் பச்சைக் கோட்டை அனுப்பு. அதற்குமுன் உள்பையைப் பார். நான் ஒளித்துவைத்த வலி மாத்திரைகள் இருக்கும், கழிவறையில் கொட்டிவிடு. இதை உன்னிடம் சொல்ல மனம் வர மூன்று நாளாயிற்று.

தபால்காரர் வந்துவிட்டார். மனம் மாறுவதற்குள் உறையை ஒட்டுகிறேன்.

உன் கர்ட்